கருவிலிருந்து கதை வரை: நாவலின் முதல் வரிக்கு முன் செய்ய வேண்டிய வேலைகள்

நல்ல கரு கையில் இருந்தும் நாவல் நாற்பது, ஐம்பது பக்கங்களில் நின்றுவிடுகிறது என்று வருந்தும் புதியவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். நானும் அந்த இடத்தில் நீண்ட காலம் சிக்கித் தவித்தவன். எழுதும் திறமையில் குறை இருக்குமோ என்று அவர்கள் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் குறை அங்கே இருப்பதில்லை. கருவுக்கும் முதல் அத்தியாயத்துக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலை செய்யப்படாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையை யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் என் ஆண்டுகள் சில மிஞ்சியிருக்கும். உங்களுடையதாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால் மூன்று மாதம் பிடிக்கும். செலவு, கள ஊர் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. உள்ளூர்க் கதை என்றால் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். முடிவில் உங்கள் கையில் நான்கு ஆவணங்கள் இருக்க வேண்டும்: ஆண்டு அட்டவணை, களக்குறிப்பு நோட்டு, காட்சிப் பட்டியல், நான்கைந்து பக்கக் கதைச்சுருக்கம்.

பொதுவாகப் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது. அதனால் ஒரு கருவை எடுத்துக்கொள்வோம்: அப்பா இறந்துவிட்டார், வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற தம்பிக்கு அக்காவின் கையெழுத்து தேவைப்படுகிறது. நம் குடும்பங்களில் நாள்தோறும் நடப்பது. இது எப்படி முழுக்கதையாக வளர்கிறது என்று பாருங்கள்.

1. கருவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

அந்த வாக்கியத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், அவர் ஏதாவது செய்ய வேண்டும், அதை இன்னொருவர் தடுக்க வேண்டும். "பெண்களுக்குச் சொத்தில் நியாயம் கிடைப்பதில்லை" என்று எழுதினால் அது கருத்து. கருத்தை வைத்துக் கட்டுரை எழுதலாம், நாவல் நகராது. "விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன அக்கா, அதைப் பதிவு செய்ய வர மறுக்கிறாள்" என்று எழுதிப் பாருங்கள். (விடுதலைப் பத்திரம் என்றால், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்.) உடனே கேள்விகள் வந்து விழும். ஏன் போட்டாள்? ஏன் மறுக்கிறாள்? தம்பி என்ன செய்வான்?

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். தினமும் காலையில் அதே கருவைப் புதிதாக ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள், முந்தைய நாள் எழுதியதைப் பார்க்காமல். ஏழு நாளும் மாறாமல் வருகிற அம்சம்தான் உங்களை உண்மையில் பிடித்திருக்கும் அம்சம்.

2. ஆண்டு அட்டவணை போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். கதையைக் கண்டுபிடித்துத் தருவதில் கற்பனையைவிடக் கணக்கு அதிகம் உதவும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

நீளமான நோட்டின் இடப்பக்கத்தில் ஆண்டுகளை மேலிருந்து கீழாக எழுதுங்கள். மேலே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பத்தி. பிறப்பு, பள்ளி, வேலை, கல்யாணம், வீடு கட்டியது, கடன், சாவு என்று நிரப்புங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே பாத்திரத்தின் வயதையும் எழுதுங்கள். கடைசிப் பத்தி, வெளியுலகத்தில் அந்த ஆண்டு என்ன நடந்தது என்பதற்கு.

நம் கதைக்குப் போட்டுப் பார்ப்போம். அப்பா 1940இல் பிறந்தவர். மூத்த மகள் 1967, இளைய மகள் 1970, மகன் 1974. இரண்டு பெண்களுக்கும் ஒரே ஆண்டில் கல்யாணம் செய்துவைக்கிறார்: மூத்தவளுக்கு 1989 தை மாதம், இளையவளுக்கு அதே ஆண்டு வைகாசி. இதுவரை சாதாரணக் குடும்பக் கணக்கு. இப்போது கடைசிப் பத்திக்கு வாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலப் பங்கு தந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1989 மார்ச் 25. அந்த நாளுக்கு முன் திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது.

தைக்கும் வைகாசிக்கும் நடுவே சட்டம் ஒரு கோடு கிழித்துவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் தங்கைக்குப் பங்கு உண்டு, அக்காவுக்கு இல்லை. நீங்கள் வலிந்து எதையும் உருவாக்கவில்லை. இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினீர்கள், கதை பிறந்துவிட்டது.

மேலே போங்கள். 1995இல் அப்பா பூர்வீக நிலத்தைப் பாகப்பிரிவினை செய்கிறார். தங்கையை அழைத்து, பணம் கொடுத்து, கையெழுத்து வாங்குகிறார்கள். அக்காவை யாரும் அழைக்கவில்லை. அவளுக்கு உரிமையே இல்லாததால் அவள் கையெழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் திருமணத் தேதிக் கோட்டை அழித்தது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடாது. அதாவது 1995இல் நடந்தது நடந்ததுதான்.

2024இல் அப்பா இறக்கிறார். உயில் இல்லை. அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் அம்மா, மகள்கள், மகன் எல்லோருக்கும் சமபங்கு. தன் 57ஆவது வயதில், முதன்முறையாக, அக்காவின் கையெழுத்து அந்த வீட்டுக்குத் தேவைப்படுகிறது. அவள் ஏன் போட்டாள், ஏன் பிறகு மறுத்தாள் என்ற கேள்விகளுக்கு இப்போது ஒரு வழி தெரிகிறது, இல்லையா? அவளுக்கு வீடு வேண்டியதில்லை. 1995இல் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் அவள் மனத்தில் கிடப்பது.

இந்த இடத்தில் புதியவர்கள் இரண்டு பள்ளங்களில் விழுகிறார்கள். ஒன்று, வயது. அம்மாவுக்கும் மூத்த மகளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம் வரும்படி எழுதிவிட்டு இருநூறாவது பக்கத்தில்தான் கவனிப்பார்கள். அட்டவணை இருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு, வெளியுலகப் பத்தியை அரசியல் நிகழ்ச்சிகளால் மட்டும் நிரப்புவது. உங்கள் பாத்திரங்களின் சோற்றையும் சொத்தையும் தொட்ட சட்டம், விலைவாசி, மழை, கரண்ட் வந்த ஆண்டு, பஸ் வந்த ஆண்டு ஆகியவைதான் அங்கே வர வேண்டும்.

கால அளவு: இரண்டு வாரம். செலவு: ஒரு லாங் சைஸ் நோட்டு.

3. கதைக்குக் கெடு வையுங்கள்

1967 முதல் 2024 வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினால் வாசகர் களைத்துப்போவார். முழு அட்டவணையும் உங்களுக்கு. வாசகருக்குக் காட்டப்போவது அதில் ஒரு துண்டு. அந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைக் கதைக்குள் இருக்கும் ஏதாவது ஒரு கெடு தீர்மானித்தால் மிக நல்லது.

நம் கதையில் கெடு தானாகவே இருக்கிறது. பதிவுச் சட்டம், 1908இன்படி, எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அபராதத்தோடு இன்னும் நான்கு மாதம் கிடைக்கலாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, மே 20ஆம் தேதி, அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள் என்று வையுங்கள். செப்டம்பர் 20 வரை தம்பிக்கு நேரம். நாவலின் நீளம் முடிவாகிவிட்டது.

அந்த நான்கு மாதத்துக்கு ஒரு பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆடி வருகிறது. ஆடியில் பத்திரம் பதியக் கூடாது என்று தம்பியின் மாமியார் நிற்பார். ஒரு மாதம் போயிற்று. கதை சங்கரன்கோவிலில் நடந்தால் ஆடித்தபசு வருகிறது. கல்யாணமாகிப் போன பெண்கள் ஊர் திரும்பும் திருவிழா. அக்கா வருவாளா? வந்தால் தம்பி வீட்டில் தங்குவாளா, தங்கை வீட்டிலா? பஞ்சாங்கம் காட்சிகளைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் கதையில் சட்டக் கெடு இல்லாமல் இருக்கலாம். தேர்வு, அறுவடை, பிரசவம், விசா, வாடகை ஒப்பந்தம், பொங்கல் என்று தேடுங்கள். ஏதாவது ஒன்று அகப்படும்.

4. களத்துக்குப் போங்கள்

அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு போவது முக்கியம். வெறுங்கையோடு போனால் பார்ப்பதையெல்லாம் எழுதிக்கொண்டு வருவீர்கள், எதுவும் உதவாது. போகும் முன் பத்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்.

நம் கதைக்கான களம் சார்பதிவாளர் அலுவலகம். வேலை நாளில் காலை பத்து மணிக்கு முன்பே போய், எதிரே இருக்கும் டீக்கடையில் உட்காருங்கள். முகூர்த்த நாளில் ஒரு முறையும் சாதாரண நாளில் ஒரு முறையும் போக வேண்டும். முகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள். புதுத்துணியும் பூவுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். விடுதலைப் பத்திரத்துக்கு வருபவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. அவர்கள் ஒன்றாக வருவதில்லை. தம்பியும் அவன் மனைவியும் ஆட்டோவில் வருவார்கள். அக்கா தனியாக, ஒரு துணிப்பையோடு, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருவாள். பத்திர எழுத்தர் ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பித் திருப்பி விரலால் இடத்தைக் காட்டுவார். அவள் கையெழுத்துப் போடும்போது படிக்கிறாளா, தம்பியைப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். இரண்டு சாட்சிகள் எங்கே நிற்கிறார்கள், பெருவிரல் ரேகை வைத்தபின் மையை எதில் துடைக்கிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்திர எழுத்தர் ஒருவரிடம் பேசக் கிடைத்தால் பெரிய பேறு. கூட்டம் இல்லாத பிற்பகலில், நாவலுக்காக என்று உண்மையைச் சொல்லியே கேளுங்கள். "எழுதிக்கொடுத்தவர்", "எழுதிவாங்கியவர்", "எனக்கோ என் பின்வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்னும் பத்திரத் தமிழை ஒரு மாதிரி வாசகத்தில் படித்துப் பாருங்கள். ஒரு பெண் தன் பிறந்த வீட்டைப் பற்றி இப்படி ஒரு வாக்கியத்தின் கீழ் கையெழுத்துப் போடுகிறாள் என்பதை நினைத்தால், அந்தக் காட்சிக்கு நீங்கள் வேறு வசனம் எழுதவே வேண்டாம்.

இன்னொரு விவரமும் இங்கேதான் கிடைக்கும். பதிவு அன்று எழுதிக்கொடுத்தவர் அலுவலர் முன் வந்து, பத்திரத்தை எழுதிக்கொடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். மறுத்தால் அவரளவில் பதிவை மறுத்தாக வேண்டும். உங்கள் கடைசிக் காட்சி, ஓர் அரசு அலுவலகத்தில், ஒரு பெண் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ சொல்லும் நொடி.

பழைய காலத்துக்குச் செய்தித்தாள்கள் வேண்டும். சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இரண்டும் நல்ல இடங்கள். வெளியூர்க்காரர்கள் முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிவிட்டுப் பிறகு சென்னைக்கு டிக்கெட் எடுக்கலாம். செய்திகளைவிட விளம்பரங்களைப் பாருங்கள். பாத்திரக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களில் அந்தக் காலத்துக் கல்யாணச் சீர்வரிசை அப்படியே இருக்கும்.

எச்சரிக்கை: உண்மையான ஒரு குடும்பத்தின் பெயர், சர்வே எண், தெரு ஆகியவற்றை நாவலில் வைக்காதீர்கள். பதிவான பத்திரத்தின் நகலைக் கட்டணம் செலுத்தி யாரும் பெறலாம் என்றாலும், அதிலுள்ள மனிதர்கள் உங்கள் பாத்திரங்கள் ஆகிவிட மாட்டார்கள். வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்களை விட்டுவிடுங்கள். அனுமதியில்லாமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம்.

இதற்கு ஒரு மாதம் போதும். அதற்கு மேல் நீட்டினால் ஆராய்ச்சியே சுகமாகிவிடும், எழுதத் தோன்றாது. செலவில் பெரும்பகுதி இங்கேதான்: பஸ், டீ, ஜெராக்ஸ்.

5. யாருக்கு எது எப்போது தெரியும்?

பாத்திரங்களின் பிடித்த நிறம், பிடித்த உணவு என்று பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய உண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. அதற்குப் பதில் ஒரு தாளில் ரகசியங்களை எழுதுங்கள். 1995 பாகப்பிரிவினை பற்றி அக்காவுக்கு எப்போது தெரிந்தது? யார் சொன்னார்கள்? தங்கை வாங்கிய பணத்தைப் பற்றித் தம்பி மனைவிக்குத் தெரியுமா? அம்மாவுக்கு எல்லாமே தெரியும் என்றால், அவர் ஏன் இருபத்தொன்பது ஆண்டுகள் வாய் திறக்கவில்லை?

நம் கதையில் அந்த அம்மாவிடம்தான் கனமெல்லாம் இருக்கிறது என்று இந்தத் தாளைப் போட்டதும் தெரியவரும். யார் பார்வையில் கதையைச் சொல்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். எல்லாம் தெரிந்தவர் பார்வையில் சொன்னால் புதிர் முதல் பக்கத்திலேயே கலைந்துவிடும். நான் தம்பியின் பார்வையைத் தேர்ந்தெடுப்பேன். அவனுக்குக் குறைவாகத் தெரியும், அவன் கெட்டவனும் அல்ல. 1995இல் அவனுக்கு 21 வயது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவன்.

6. காட்சிப் பட்டியல்

கெட்டி அட்டைகளை வாங்கி ஒரு காட்சிக்கு ஓர் அட்டை என்று எழுதுங்கள். மேலே இடமும் நாளும். நடுவில் என்ன நடக்கிறது என்று இரண்டு வரி. கீழே, இந்தக் காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது என்று ஒரு வரி. கீழ்வரி எழுத வரவில்லை என்றால் அந்தக் காட்சி வேண்டாம்.

ஓர் அட்டை இப்படி இருக்கலாம்: "திருப்பூர், அக்கா வீடு, ஜூன் இரண்டாம் ஞாயிறு. தம்பி மாம்பழக் கூடையோடு வருகிறான். அக்கா மீன் குழம்பு வைத்துப் பரிமாறுகிறாள். அவன் பத்திரப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவள் இன்னொரு அகப்பை சோறு போடுகிறாள். மாற்றம்: அவள் மறந்துவிடவில்லை, மறுக்கிறாள் என்று அவனுக்குப் புரிகிறது."

முப்பது முதல் ஐம்பது அட்டைகள் வந்தால் நடுத்தர நாவலுக்குப் போதும். தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். தொடர்ந்து நான்கு அட்டைகளில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தால் அங்கே நாவல் படுத்துவிடும். ஒன்றை எடுத்துவிடுங்கள், அல்லது வெளியே நடத்துங்கள். கடைசி அட்டையை எப்படியாவது எழுதிவிடுங்கள். எழுதும்போது முடிவு மாறலாம், மாறினால் நல்லதே. முடிவே தெரியாமல் கிளம்புவதுதான் புதியவர்களை ஐம்பதாவது பக்கத்தில் நிறுத்துகிறது.

இதற்கு மூன்று வாரம்.

7. ஒருவருக்குச் சொல்லிக் காட்டுங்கள்

அட்டைகளைப் பார்க்காமல், இருபது நிமிடத்தில், வாயால் சொல்லுங்கள். எழுத்தாளர் அல்லாதவராக இருந்தால் நல்லது. கேட்பவர் "அப்புறம்?" என்று எங்கே கேட்கிறார், எங்கே போனை எடுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார். சொல்லும்போது நீங்களே தாவிச்சென்ற இடங்கள் இருக்கும். அந்த அட்டைகளைக் கிழித்துவிடலாம்.

ஒருவருக்குச் சொன்னால் போதும். பத்துப் பேருக்குச் சொன்னால் சொல்லிய திருப்தியிலேயே எழுதும் வேகம் போய்விடும்.

8. கதைச்சுருக்கத்தை எழுதி, பாதுகாத்துக்கொள்ளுங்கள்

இப்போது நான்கைந்து பக்கங்களில் முழுக்கதையையும் முடிவோடு எழுதுங்கள். "பிறகு என்ன நடந்தது என்பது சஸ்பென்ஸ்" என்று நிறுத்துவது பின்னட்டைக்குச் சரி, இங்கே கூடாது. மூன்று நாளில் முடிந்துவிடும். முடியவில்லை என்றால் ஆறாவது படியில் ஏதோ ஓட்டை இருக்கிறது.

கதையைத் திருடிவிடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள். கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. "அக்கா கையெழுத்துப் போட மறுக்கும் கதை" யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் ஐந்து பக்கம் உங்களுடையது. கரு விரிய விரிய உங்கள் பாதுகாப்பும் கூடுகிறது என்பதால், இதுவரை செய்த வேலை இங்கேயும் பயன் தருகிறது.

எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் தகராறு வந்தால் பதிவுச் சான்றிதழ் நல்ல சாட்சி. வெளிவராத படைப்பையும் பதியலாம். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14ஐ நிரப்பி, இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் செலுத்திப் படைப்பின் நகலை அனுப்ப வேண்டும். டைரி எண் கிடைத்தபின் ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் பரிசீலனையே தொடங்கும். சான்றிதழ் வரும்வரை எழுதாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, டைரி எண் வந்த மறுநாளே முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிடுங்கள்.

பதிப்பகமோ தயாரிப்பாளரோ கதைச்சுருக்கத்தைப் பார்த்து உரிமை கேட்டால், எழுத்தில் இல்லாத எதற்கும் தலையாட்டாதீர்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாடு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை உங்களுக்கே திரும்பும், ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தாலொழிய. அந்த "வேறுமாதிரி" எந்தப் பத்தியில் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள். நாவல், திரைப்படம், வலைத்தொடர், மொழிபெயர்ப்பு என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். யோசிக்க ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். அன்றே கையெழுத்து வேண்டும் என்று நெருக்குபவரிடம் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.